மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்: விக்டோரியா காலத்து ஆவி அமர்வுகளும் மேஜிக் கலைஞரின் ஆராய்ச்சியும்

விக்டோரியா காலத்து ஆவி அமர்வு ஒன்றை, அதாவது இறந்தவர்களோடு பேசுவதற்காகப் பலர் மேசையைச் சுற்றி உட்காரும் கூட்டத்தை, மேடையில் கொண்டுவர நினைக்கும் மேஜிக் கலைஞர் முதலில் தேடுவது ரகசியத்தைத்தான். கயிற்றால் கட்டிப்போட்ட மீடியம், அதாவது ஆவிகள் தன் வழியாகப் பேசுவதாகச் சொல்பவர், கையை எப்படி விடுவித்துக்கொண்டார்? மூடிய சிலேட்டுக்குள் எழுத்து எப்படி வந்தது? இருட்டில் மிதந்த முகம் எதனால் செய்தது? இவற்றுக்கு விடை கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. 1891-ல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில், பெயர் போட்டுக்கொள்ளாத ஒரு மீடியம் தன் தொழிலின் உள்விவரங்களையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். ஆவி ஆராய்ச்சியாளர்களான ஹாரி பிரைஸும் எரிக் டிங்வாலும் 1922-ல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். படித்து முடித்தால் பலருக்கும் மிஞ்சுவது ஏமாற்றம்தான். இவ்வளவுதானா? இதையா விஞ்ஞானிகளும் வக்கீல்களும் பிரபுக்களும் நம்பினார்கள்?

ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான விடை மீடியத்தின் சட்டைக் கைக்குள் கிடைக்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் போக வேண்டும். அவர்கள் எதற்காக வந்தார்கள், என்ன பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் என்ன எழுதி வைத்தார்கள்? இந்த மூன்றும் தெரியாமல், மீடியம் உள்ளே உட்காரும் கேபினெட்டும் சிலேட்டும் மட்டும் கையில் இருந்தால் மேடையில் வருவது பழைய சாமான்களின் கண்காட்சிதான்.

கதையின் தொடக்கம் பலருக்குத் தெரிந்ததுதான். நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூர். 1848 மார்ச் 31 அன்று இரவு, ஃபாக்ஸ் குடும்பத்து வீட்டில் கேட்ட தட்டல் சத்தம் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. மேகி, கேட் என்ற சிறுமிகள் இருந்தால்தான் சத்தம் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ராச்செஸ்டர் நகரத்துக் கொரிந்தியன் ஹாலில் காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு முன்னால் அது நடந்தது. ஆக, பொது மேடை என்பது இந்த ஆவியுலக இயக்கத்தோடு ஏறக்குறைய கூடவே பிறந்தது. பின்னாளில் மேஜிக்காரர்கள் வந்து சேர்த்த ஒன்று இல்லை அது.

மோர்ஸின் தந்தி 1844-ல்தான் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தொலைவிலிருந்து தட்டித் தட்டிச் செய்தி சொல்ல முடியும் என்பது அப்போதைய மனிதர்களுக்குப் புத்தம்புது அனுபவம். தட்டல் ஓசைக்கும் தந்திக்கும் உள்ள ஒற்றுமையை அவர்களே கவனித்தார்கள். நியூயார்க்கில் 1852-ல் தொடங்கிய ஆவியுலகப் பத்திரிகைக்கு ‘ஸ்பிரிச்சுவல் டெலிகிராஃப்’ என்றே பெயர்.

இன்னொரு காரணம் சாவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். ஒரு வரவேற்பறையில் எட்டுப் பேர் கைகோத்து உட்கார்ந்தால், அதில் பிள்ளையையோ சகோதரனையோ பறிகொடுத்தவர் கட்டாயம் இருப்பார். விக்டோரியா காலம் என்றதும் கறுப்பு ஆடையும் மெழுகுவர்த்தியும் கொண்டு ‘திகில்’ சூழல் அமைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள். அந்த அறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பயப்படுவதற்காக வரவில்லை, ஆறுதல் தேடி வந்தார்கள். பேய்க்கதை வேறு, இது வேறு. பாட்டும் ஜெபமும் தேநீரும் உண்டு. செத்துப்போன குழந்தை ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்வதைக் கேட்டு அம்மா அழுவாள். இந்த உணர்ச்சி புரியாமல் எழுதும் வசனம் எதுவும் அந்தக் காலத்துக்கு உண்மையாக இருக்காது.

மீடியம்களில் பெண்கள் நிறைய இருந்ததற்கும் காரணம் உண்டு. பெண் மேடையேறிப் பேசுவதே தப்பு என்று கருதிய சமூகத்தில், பேசுவது நான் இல்லை, என் வழியாக வேறொருவர் பேசுகிறார் என்றால் கூட்டம் உட்கார்ந்து கேட்டது. அரசியலும் மதமும்கூடப் பேச முடிந்தது. ஏழை வீட்டுப் பெண்ணுக்குப் பணக்கார வீட்டுக் கதவு திறந்தது. இந்த வரலாற்றை மோசடிப் பட்டியலாக மட்டும் படித்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

எல்லா அமர்விலும் ஏமாற்றுக்காரர் ஒருவர் இருந்தார் என்பதும் சரியில்லை. 1852-ல் ஹேடன் என்ற அமெரிக்கப் பெண்மணி லண்டனுக்கு வந்த பிறகு இங்கிலாந்திலும் இது பரவியது. 1853-ல் மேசை சுற்றும் மோகம் ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. மீடியமே வேண்டாம். நாலைந்து பேர் ஒரு சிறு மேசையின் மேல் கைவைத்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் மேசை நகரும், சுற்றும், சாயும். யாரும் தள்ளவில்லை என்று எல்லாரும் மனசாரச் சத்தியம் செய்வார்கள். மைக்கேல் ஃபாரடே இதைச் சோதிக்க முன்வந்தார்.

அவர் செய்த கருவி அவ்வளவு எளிமையானது, இன்றைக்கும் வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு சிறு பலகைகள், நடுவே உருளும்படி கண்ணாடிக் குச்சிகள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ரப்பர் வளையம். மேல் பலகையில் கைகள். மேல் பலகை கொஞ்சம் நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்க ஒரு நீண்ட வைக்கோல் முள். மேசை தானாக நகர்ந்து கையை இழுத்துச் சென்றால் கீழ்ப் பலகை முதலில் நகர வேண்டும். கை தள்ளினால் மேல் பலகை முந்தும். சோதனையில் மேல் பலகைதான் முந்தியது. இதைவிட முக்கியமானது அடுத்தது. முள்ளை அவர்கள் பார்க்கும்படி வைத்ததும் மேசை நின்றுவிட்டது. தாங்கள் தள்ளுகிறோம் என்று கண்ணால் கண்டபின் அவர்களால் தள்ள முடியவில்லை. 1853 ஜூன் கடைசியில் ‘தி டைம்ஸ்’ இதழில் ஃபாரடே எழுதிய கடிதத்தில் இந்த விவரம் வெளியானது.

மேடைக்காரர் இதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். பார்வையாளரே விளைவை உண்டாக்கி, பார்வையாளரே அதில் வியந்து போகும் கலை இது. அந்தக் காலத்து அமர்வு ஒன்றை நேர்மையாக மறுபடி நடத்திக் காட்ட வேண்டுமென்றால், எந்தச் சூழ்ச்சியும் இல்லாத இந்த மேசையை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் டேவன்போர்ட் சகோதரர்கள். பஃபலோ நகரத்து ஐரா, வில்லியம் இருவரும் 1864-ல் இங்கிலாந்து வந்தார்கள். மேடையில் ஒரு பெரிய மர கேபினெட். உள்ளே எதிரெதிராக இரண்டு பேரும் உட்கார, பார்வையாளர்களே கயிற்றால் கைகாலைக் கட்டுவார்கள். கதவு சாத்தியதும் மணி அடிக்கும், கிட்டார் ஒலிக்கும், ஜன்னல் துளையில் கைகள் தெரியும். கதவைத் திறந்தால் கட்டு கட்டியபடியே இருக்கும். இதைச் செய்வது ஆவிகள் என்று சகோதரர்கள் மேடையில் சொல்வதில்லை. சொல்ல ஒரு பாதிரியார் கூடவே வந்தார். ஜெஸ்ஸி ஃபெர்குசன் என்ற அவர் கம்பீரமாக ஒரு முன்னுரை நிகழ்த்துவார். நம்பிக்கையை ஊட்டும் வேலையும் வித்தை காட்டும் வேலையும் இரண்டு வேறு ஆட்களிடம் இருந்தன. இந்தப் பங்கீடு அந்த நிகழ்ச்சியின் மிகப் புத்திசாலித்தனமான பகுதி என்று நினைக்கிறேன். கயிற்று முடிச்சை ஆராய்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1865 பிப்ரவரியில் லிவர்பூலில் இரண்டு பேர் ‘டாம் ஃபூல்’ முடிச்சு என்ற சுருக்கைப் போட்டுக் கட்டினார்கள். வலிக்கிறது என்று சகோதரர்கள் மறுக்க, கூட்டம் கொந்தளித்துக் கேபினெட்டையே உடைத்துப் போட்டது. அடுத்த மாதம் செல்டன்ஹாம் டவுன் ஹாலில் ஜான் நெவில் மாஸ்கலின் என்ற இளைஞர் நிகழ்ச்சியைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். கடிகாரத் தொழில் கற்றவர். ஜன்னல் மறைப்பு விலகி ஒரு கணம் வெளிச்சம் உள்ளே விழுந்ததாம், ஐரா கையால் வாத்தியத்தை எறிவதை அவர் பார்த்துவிட்டாராம். ஜூன் மாதமே நண்பர் ஜார்ஜ் குக்கைச் சேர்த்துக்கொண்டு, அதே ஊரில் ஒரு தோட்டத்தில், பட்டப்பகலில் அத்தனையையும் செய்து காட்டினார். 1873-ல் லண்டன் எஜிப்ஷியன் ஹாலில் நுழைந்த அந்த ஜோடி அங்கே வேரூன்றியது. மாஸ்கலினின் நிகழ்ச்சிகள் அந்த அரங்கத்தில் 1904 வரை நடந்தன.

‘பார்த்துவிட்டாராம்’ என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. ஜன்னல் வெளிச்சக் கதையை நமக்குச் சொன்னவர் மாஸ்கலினேதான். ஆவிகளை அம்பலப்படுத்தியவர் என்ற பெயரில் தொழில் நடத்தியவர் அவர். அதேபோல் டேவன்போர்ட் முடிச்சின் ரகசியம் ஹூடினி என்ற மேஜிக் கலைஞர் வழியாக வருகிறது. ஐராவின் கடைசிக் காலத்தில் ஹூடினி அவரைப் போய்ப் பார்த்தார். ஐரா 1911-ல் இறந்தார். பேச்சின் விவரம் ஹூடினியின் புத்தகத்தில் 1924-ல் வந்தபோது மறுத்துப் பேச ஐரா உயிரோடு இல்லை. நான் இவர்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால் மேஜிக்காரர்களின் புத்தகத்தை மட்டும் வைத்து இந்த வரலாற்றை எழுதுகிறவர், ஒரு தரப்பு வக்கீலின் வாதத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறார். நம் தொழில் முன்னோர் என்பதால் நாம் அவர்களிடம் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும்.

மேஜிக்காரர் என்பதாலேயே ஒருவர் ஏமாற மாட்டார் என்றும் கிடையாது. ஹாரி கெல்லர் ஒரு காலத்தில் டேவன்போர்ட் சகோதரர்களிடமே வேலை பார்த்தவர், பின்னாளில் அமெரிக்காவின் முதல்நிலை மேஜிக் கலைஞர். 1882 ஜனவரியில் கல்கத்தாவில் வில்லியம் எக்ளின்டன் என்ற ஆங்கில மீடியத்தின் அமர்வில் உட்கார்ந்துவிட்டு, தான் கண்டதைத் தன்னால் விளக்க முடியவில்லை என்று பத்திரிகைக்கே எழுதினார். பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்.

எக்ளின்டனின் பேர்போன வித்தை சிலேட்டு எழுத்து. சிலேட்டையும் ஒரு துண்டுப் பல்பத்தையும் மேசைக்கு அடியில் பிடித்தால், கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கும், எடுத்துப் பார்த்தால் பதில் இருக்கும். இதை முதலில் பிரபலமாக்கியவர் ஹென்றி ஸ்லேட் என்ற அமெரிக்கர். 1876 செப்டம்பரில் லண்டனில் ரே லாங்கெஸ்டர் என்ற விலங்கியல் பேராசிரியர், ஆவி எழுதத் தொடங்குமுன்பே சிலேட்டைப் பிடுங்கிப் பார்க்க, எழுத்து ஏற்கனவே அதில் இருந்தது. பௌ ஸ்ட்ரீட் கோர்ட்டில் வழக்கு. மாஸ்கலின் சாட்சிக் கூண்டிலேயே சிலேட்டு வித்தை காட்டினார். ஸ்லேடுக்கு எதிரான தரப்பின் வழக்குச் செலவுக்குச் சார்லஸ் டார்வின் 10 பவுண்டு கொடுத்தார். பரிணாமக் கொள்கையில் அவருக்கு இணையாக நின்ற ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ் ஸ்லேட் பக்கம் சாட்சி சொன்னார். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை, குற்றப்பத்திரிகையில் சில சொற்கள் விடுபட்டிருந்ததால் அப்பீலில் தள்ளுபடியானது.

இதெல்லாம் சுவாரசியமான சம்பவங்கள். ஆனால் நம் தொழிலுக்கு வேண்டிய உண்மையான புதையல் அதற்குப் பத்தாண்டு கழித்து வந்தது. சாமுவேல் டேவி என்ற இளைஞர் முதலில் எக்ளின்டனை நம்பியவர். பிறகு சந்தேகம் வந்து, சிலேட்டு வித்தையைத் தானே பழகினார். ஆவி ஆராய்ச்சிக்காக 1882-ல் லண்டனில் தொடங்கிய சைக்கிக்கல் ரிசர்ச் சங்கத்தில் அவர் உறுப்பினர். சங்கத்தின் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனும் அவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். டேவி அமர்வு நடத்துவார். வந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தாங்கள் கண்டதை விவரமாக எழுதித் தர வேண்டும். பிறகு அந்த எழுத்தை, டேவி உண்மையில் செய்ததோடு வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். 1887-ல் சங்கத்தின் வெளியீட்டில் அறிக்கை வந்தது.

அமர்ந்தவர்கள் படித்தவர்கள், கவனமாகப் பார்க்க வேண்டும் என்றே வந்தவர்கள். அவர்கள் எழுதியதில் நடந்தவை பல விடுபட்டிருந்தன. முன்னால் நடந்தது பின்னால் போயிருந்தது. நடக்காத சோதனை நடந்ததாக வந்திருந்தது. சிலேட்டு என் கண்ணைவிட்டு விலகவே இல்லை என்று எழுதினார்கள், ஆனால் விலகியிருந்தது. யாரோ ஒரு கேள்வி கேட்டுப் பேச்சு திரும்பிய அரை நிமிடம் நினைவிலேயே இல்லை, ஏனென்றால் அந்த அரை நிமிடத்தில் ‘எதுவும் நடக்கவில்லை’. அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவு தனக்கு முக்கியமாகப் பட்டதை வைத்து ஒரு கதையைக் கட்டிவிட்டது. அந்தக் கதையில் தந்திரத்துக்கு இடமே இல்லை.

இதன் பொருள் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விக்டோரியா காலத்து அமர்வுகளைப் பற்றி நம்மிடம் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க இப்படி எழுதப்பட்ட சாட்சியங்கள்தான். 1868 டிசம்பரில் லண்டனில் ஆஷ்லி ஹவுஸ் மாடியில், டேனியல் டங்லஸ் ஹோம் என்ற மீடியம் ஒரு ஜன்னல் வழியாக வெளியே மிதந்து இன்னொரு ஜன்னல் வழியாக உள்ளே வந்தார் என்று மூன்று கனவான்கள் சொன்னார்கள். அது எப்படி நடந்தது என்று இன்றும் மேஜிக்காரர்கள் கயிறும் பால்கனியும் போட்டு விளக்கம் தேடுகிறார்கள். டேவியின் அறிக்கையைப் படித்தவர் வேறு கேள்வியில் தொடங்குவார்: சாட்சியத்தில் எழுதியிருப்பது அறையில் நடந்ததுதானா?

டேவி தான் செய்தது கைவேலை என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும் வாலஸ் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படிச் செய்தார் என்று முழுதாக விளக்காதவரை, டேவியும் மீடியம்தான் என்றே கருத வேண்டும் என்று எழுதினார். 1890-ல் டேவி இறந்த பின் ஹாட்ஜ்சன் முறைகளையும் விளக்கி வெளியிட்டார். தான் வித்தைக்காரன் என்று அறிவித்துக்கொள்வதே போதும் என்று நம்புகிற இன்றைய மென்டலிசக் கலைஞர்கள் (மனதைப் படிப்பதுபோல் வித்தை காட்டுபவர்கள்) வாலஸை மறக்கக் கூடாது.

விஞ்ஞானிகளைச் சோதனைக்கு அழைத்தால் உண்மை வந்துவிடும் என்பதும் அந்தக் காலத்து நம்பிக்கை. தாலியம் தனிமத்தைக் கண்டுபிடித்த வில்லியம் க்ரூக்ஸ், ஃப்ளாரன்ஸ் குக் என்ற இளம்பெண்ணின் அமர்வில் வெள்ளை உடையில் வந்த ‘கேட்டி கிங்’ உண்மையான ஆவி என்று 1874-ல் எழுதினார். 1880 ஜனவரியில் ஜார்ஜ் சிட்வெல் இன்னோர் அமர்வில் ஆவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிபட்டது உள்ளாடையில் இருந்த ஃப்ளாரன்ஸ். 1875-ல் க்ரூக்ஸ் ஆனா ஈவா ஃபே என்ற மேடை மீடியத்தை மின்சுற்றில் இணைத்துச் சோதித்தார். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்திருக்க வேண்டும், விட்டால் மானி காட்டிக்கொடுக்கும். ஒரு கைப்பிடியை முழங்கால் மடிப்பில் இடுக்கிக்கொண்டு கையை விடுவித்ததாக, முதுமையில் ஃபே ஹூடினியிடம் சொன்னாராம். இதுவும் ஹூடினி சொல்லித்தான் நமக்குத் தெரியும். மேஜிக் கலைஞர்களின் சங்கமான லண்டன் மேஜிக் சர்க்கிள் 1913-ல் ஃபேக்குக் கௌரவ இடம் தந்தது.

இந்த வரலாற்றின் ஒரு முக்கியமான கட்டம் சென்னையில் நடந்தது. ஹெலினா ப்ளாவட்ஸ்கியும் கர்னல் ஆல்காட்டும் முதலில் சந்தித்ததே 1874-ல் வெர்மான்ட் மாநிலத்தில் எடி சகோதரர்களின் ஆவி அமர்வு நடந்த பண்ணை வீட்டில்தான். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் தியசாபிகல் சொசைட்டி என்ற ஆன்மிகச் சங்கத்தைத் தொடங்கி, 1882 டிசம்பரில் அடையாறுக்குக் குடிவந்தார்கள். அடையாறு வீட்டு மாடியில் ஓர் அறை. சுவரில் ஒரு மர அலமாரி மாட்டியிருந்தது, ‘ஷ்ரைன்’ என்பார்கள். உள்ளே, தங்கள் குருமார்கள் என்று அவர்கள் சொன்ன மகாத்மாக்களின் படங்கள். கேள்வி எழுதி வைத்தால் பதில் கடிதம் வரும். 1883 ஆகஸ்டில் ஜெனரல் மார்கன் என்ற ராணுவ அதிகாரி வந்திருந்தபோது, அலமாரிக் கதவைத் திறந்ததும் ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. துண்டுகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடி, சிறிது நேரத்தில் திறந்தால் தட்டு முழுசாக இருந்தது.

வீட்டு நிர்வாகத்தைப் பார்த்த கூலோம் தம்பதி 1884-ல் வெளியேற்றப்பட்டதும், ப்ளாவட்ஸ்கி எழுதியவை என்று சில கடிதங்களைக் கொடுத்தார்கள். மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழ் செப்டம்பரில் அவற்றை வெளியிட்டது. டிசம்பரில் லண்டன் சைக்கிக்கல் ரிசர்ச் சங்கம் ஹாட்ஜ்சனை அடையாறுக்கு அனுப்பியது. பின்னாளில் டேவியோடு வேலை செய்த அதே ஹாட்ஜ்சன்.

அவர் வந்து சேர்ந்தபோது அலமாரியே இல்லை. சில மாதங்களுக்கு முன் எரிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியது சுவர், தச்சு வேலையின் தடயங்கள், கடிதங்கள், ஒன்றுக்கொன்று முரண்பட்ட சாட்சிகள். அலமாரி மாட்டியிருந்த சுவருக்குப் பின்னால் ப்ளாவட்ஸ்கியின் படுக்கையறை என்பதையும், அதே மாதிரித் தட்டுகள் மதராஸ் கடையொன்றில் ஜோடியாக வாங்கப்பட்டிருந்ததையும் அவர் அறிக்கையில் காட்டினார். சுவரிலும் மரத்திலும் ரகசியத் திறப்புகளைச் செய்தவர் அலெக்ஸி கூலோம் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. எப்போது, யாருக்காகச் செய்தார் என்பதில்தான் சண்டை. ப்ளாவட்ஸ்கி ஐரோப்பா போயிருந்தபோது அவரை மாட்டிவிடச் செய்த சதி என்றார்கள் தியசாபிகாரர்கள். 1885 டிசம்பரில் வெளியான அறிக்கை அவரை வரலாற்றின் மிகத் திறமையான ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்று சொன்னது. 1986-ல் அதே சங்கத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற ஆவண நிபுணர், ஹாட்ஜ்சனின் கையெழுத்து ஆய்வு நம்பத்தக்கதல்ல என்று கடுமையாக விமர்சித்தார்.

நம் ஊரில் நடந்தது என்பதற்காக மட்டும் இதை நான் விரித்துச் சொல்லவில்லை. எரிந்துபோன அலமாரியை ஆராய்ந்த ஹாட்ஜ்சனின் நிலைதான் இன்று இந்த வரலாற்றைத் தொடும் ஒவ்வொருவருக்கும். பொருள் இல்லை, பேச்சுதான் இருக்கிறது. சந்தேகப் பேர்வழியான ஹாட்ஜ்சனே சில ஆண்டுகளில் பாஸ்டன் மீடியம் லியோனோரா பைப்பரை ஆராய்ந்து, இறந்தவர்கள் பேசுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். நம்புகிறவர், நம்பாதவர் என்று மனிதர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து நாடகம் எழுத நினைப்பவர்கள் இவர் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

மேடைக்குப் போகுமுன் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 1866-ல் ஜேன் லயன் என்ற வயதான விதவை டேனியல் ஹோமிடம் வந்தார். இறந்த கணவர் ஹோமைத் தத்தெடுக்கச் சொல்கிறார் என்று செய்தி வந்தது. மொத்தம் சுமார் 60,000 பவுண்டு சொத்தை லயன் ஹோமின் பெயருக்கு மாற்றினார். 1868-ல் கோர்ட் எல்லாவற்றையும் திருப்பித் தர உத்தரவிட்டது. 1888 அக்டோபர் 21 அன்று நியூயார்க் அகாடமி ஆஃப் மியூசிக் மேடையில், மேகி ஃபாக்ஸ் கால்விரல் மூட்டை நொடித்துத் தட்டல் ஓசை எழுப்பிக் காட்டி, நாற்பது ஆண்டும் பொய் என்றார். அடுத்த ஆண்டே வாக்குமூலத்தை வாபஸ் வாங்கினார். வறுமையும் குடியும் சூழ்ந்த வாழ்க்கை, இரண்டு பேச்சுக்கும் பணத்தேவை பின்னால் இருந்தது. பிரிட்டன் 1951-ல் போட்ட மோசடி மீடியம்கள் சட்டம், முழுக்கப் பொழுதுபோக்குக்காகச் செய்வது குற்றமாகாது என்று விலக்குத் தந்தது. 2008-ல் அந்தச் சட்டம் போய் நுகர்வோர் சட்டம் அந்த இடத்துக்கு வந்தது. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் இறந்த மகனின் போட்டோவோடு பின்மேடைக்கு வருகிறவருக்கு எந்தச் சட்டப் பிரிவும் பதில் சொல்லாது. என்ன சொல்வது என்பதை வசனம் எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும். நான் பார்த்தவரை, பெயர் தெரிந்த உண்மையான இறந்தவர்களை அழைக்காமல், ஸ்லேட், ஃபே, டேவி போன்ற வரலாற்று மனிதர்களின் கதையாக நடத்துவது பார்வையாளரின் துக்கத்தைத் தொடாமல் வியப்பை மட்டும் தரும்.

சாமான்களில் ஓர் எச்சரிக்கை. ‘ஆவி வெளிச்சத்துக்கு’ அவர்கள் எண்ணெயில் கரைத்த பாஸ்பரஸ் பயன்படுத்தினார்கள். அது விஷம், தோலைச் சுடும், காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். அசல் போல இருக்க வேண்டும் என்று யாரும் முயலக் கூடாது. 1877-ல் பால்மெய்ன் காப்புரிமை வாங்கிய ஒளிரும் பெயின்ட் வந்ததும் மீடியம்களே அதற்கு மாறத் தொடங்கினார்கள். இன்றைய பெயின்ட் அதைவிட நன்றாக ஒளிரும்.

படிக்க வேண்டியவை இப்போது எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஆவியுலகப் பத்திரிகைகள் நிறைய இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் கட்டுரையை விட விளம்பரப் பக்கம் பயன் தரும்: அமர்வுக்கு எவ்வளவு கட்டணம், எந்தத் தெரு, எந்தக் கிழமை, எத்தனை மணி. லண்டன் செனட் ஹவுஸ் நூலகத்தில் ஹாரி பிரைஸின் சேகரிப்பு, வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் ஹூடினியின் புத்தகங்கள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் சைக்கிக்கல் ரிசர்ச் சங்கத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் ஹெலன் டங்கன் என்ற பிற்கால மீடியத்தின் ‘எக்டோபிளாசம்’, அதாவது மீடியத்தின் உடலிலிருந்து வெளிவருவதாகச் சொன்ன ஆவிப்பொருள், கூடப் பாதுகாக்கப்படுகிறது. ஒரு துண்டுத் துணிதான் அது.

தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஃபாரடேயின் கடிதம், அடுத்து டேவி-ஹாட்ஜ்சன் 1887 அறிக்கை, அதன் பிறகே ரகசியப் புத்தகங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஹாட்ஜ்சனின் அடையாறு அறிக்கையையும், 1879 முதல் வரும் ‘தி தியசாபிஸ்ட்’ இதழின் அந்தக் காலத்துத் தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஒரே தட்டு உடைந்து ஒட்டிய கதையை இரண்டு தரப்பும் எப்படி எழுதியிருக்கிறார்கள், எந்த நிமிடத்தை யார் விட்டுவிட்டார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், நிகழ்ச்சிக்கான முதல் காட்சி அந்த விடுபட்ட நிமிடங்களிலேயே கிடைக்கும்.